அடுக்குமாடி வீட்டில் குத்துத் தக்காளி: வளர்ப்பதும் முட்டுக் கொடுப்பதும்

சிங்கப்பூரில் தக்காளி வராது என்பார்கள். பாதி உண்மை. செடி வரும், தழைத்துக் காடாகவே வரும்; காய்தான் பிடிக்காது. அதற்குக் காரணம் நம் பகல் மட்டுமல்ல, நம் இரவும்தான். தக்காளிப் பூ நல்ல மகரந்தத்தை உருவாக்கிக் காயாக மாற, இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரி செல்சியசுக்குள் இருந்தால் உத்தமம். இங்கே விடியற்காலையில்கூட 24, 25 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் இறங்குவதில்லை. பகலில் 32 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் உயிர்ப்பை இழக்கத் தொடங்குகிறது. பூ மஞ்சளாகிக் காம்போடு உதிர்கிறது. குளிரான கேமரன் மலையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் செடி, நம் பிடோக்கில் வெறும் தழையோடு நின்றுவிடுவது இதனால்தான்.

ஆனால் வழி இல்லாமல் இல்லை. அந்த வழிக்கு ஏற்ற செடி குத்துத் தக்காளி.

தக்காளியில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. கொடித் தக்காளி நுனியில் வளர்ந்துகொண்டே போகும். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்க்கும். குத்துத் தக்காளி அப்படியல்ல. ஒவ்வொரு கிளையின் நுனியும் ஒரு பூங்கொத்தில் போய் முடிந்துவிடும், அதற்குமேல் வளராது. 1914இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தற்செயலாகத் தென்பட்ட ஒரு மரபணு மாற்றத்தின் வழிவந்த குணம் இது. பெரும்பாலான ரகங்களில் செடி 60 முதல் 120 சென்டிமீட்டர் உயரம் வரை வந்து நின்றுவிடும். மூன்று நான்கு வாரங்களுக்குள் பூத்து, ஏறத்தாழ ஒரே சமயத்தில் காய்த்து ஓயும்.

இந்தக் குறுகிய ஆயுள்தான் நமக்கு வசதி. பூக்கும் காலம் சில வாரங்கள் மட்டுமே என்றால், ஆண்டின் தோதான வாரங்களைப் பார்த்து அதைப் பொருத்திக்கொள்ளலாம். செடி குட்டை என்பதால் பெருமழை வரும்போது தொட்டியை உள்ளே நகர்த்தலாம். நோய்கள் கூடாரம் போடுவதற்குள் அறுவடையை முடித்துக்கொள்ளலாம். கொடித் தக்காளியை இந்த ஊரில் எட்டு மாதம் காப்பாற்றுவது தனித் தவம். அதற்கு நான் யாரையும் தூண்டமாட்டேன்.

முதலில் வெயிலைக் கணக்கிடுங்கள்

விதை வாங்குவதற்கு முன் செய்யவேண்டியது இது. தக்காளிக்கு நாளுக்கு ஆறு மணிநேர நேரடி வெயிலாவது வேண்டும். நான்கு மணிநேரத்தில் மிகச்சிறிய ரகங்கள் ஏதோ காய்க்கும். அதற்கும் குறைந்தால் கீரை போடுவது நல்லது.

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு ஒரு விசித்திரம் உண்டு. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து போகிறது. மீதி ஆறு மாதம் தெற்குப் பக்கம். ஆகவே வடக்குப் பார்த்த தாழ்வாரத்துக்கு ஜூன், ஜூலையில் வெயில் கிடைக்கும். டிசம்பரில் ஒரு கீற்றுகூட விழாது. தெற்குப் பார்த்ததற்கு நேர்மாறு. அப்போதும் நண்பகல் சூரியன் மிக உயரத்தில் நிற்பதால் மேல்மாடியின் தளம் பெரும்பகுதியை மறைத்துவிடும். கைப்பிடிச் சுவரை ஒட்டிய ஒரு பட்டை இடத்துக்குத்தான் வெயில் எட்டும்.

கிழக்குப் பார்த்த வீடு வாய்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். காலை வெயில் இரவு ஈரத்தை இலையிலிருந்து சீக்கிரம் உலர்த்திவிடும். பிற்பகல் கொதிப்பும் தாக்காது. மேற்குப் பக்கம் வெளிச்சம் ஏராளம், ஆனால் சுவரும் தளமும் வாங்கிய சூட்டை இரவில் வெளிவிடும். இரவுச் சூடுதான் நம் எதிரி என்பதை நினைவில் வையுங்கள். மேற்கே வைப்பவர்கள் தொட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளியே வைக்கட்டும்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் இருப்பவர்களுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. தாழ்வாரத்தில் ஆள் நடமாட 1.2 மீட்டர் அகலம் எப்போதும் தடையின்றி இருக்கவேண்டும். இது தீ விபத்தின்போது தப்பிப்பதற்கான வழி. கைப்பிடிச் சுவரின்மேல் தொட்டி வைக்கவே கூடாது. காய்த்த செடி உச்சி கனத்து நிற்கும். அது பத்தாவது மாடியிலிருந்து விழுந்தால் என்னவாகும் என்று சொல்லவேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் உங்கள் நகர மன்றத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். தாழ்வாரம் இருட்டாக இருக்கும் குடும்பங்கள் தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் தோட்ட மேடைகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு மேடை 2.5 மீட்டருக்கு 1 மீட்டர், ஏழெட்டுக் குத்துத் தக்காளிச் செடிகளுக்குத் தாராளம்.

எப்போது விதைப்பது

விதைத்ததிலிருந்து முதல் பூ வர ஏறத்தாழ 45 முதல் 55 நாள் ஆகும். இதை வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள்.

எனக்குப் பிடித்தது டிசம்பர் நடு விதைப்பு. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும். அப்போது நாற்று வீட்டு ஓரத்தில் பாதுகாப்பாக இருக்கும். பிப்ரவரியில் மழை ஓய்ந்து காற்றும் வெயிலும் வரும்போது செடி பூக்கும். இரவும் ஆண்டின் பெரும்பாலான மாதங்களைவிட அப்போது சற்றே இதமாக இருக்கும். மார்ச், ஏப்ரலில் பழம். தெற்கு, கிழக்கு, மேற்குத் தாழ்வாரங்களுக்கு இது பொருந்தும்.

வடக்குத் தாழ்வாரக்காரர்கள் ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ விதைத்தால் ஜூன் கடைசியில் பூக்கும், ஆகஸ்ட்டுக்குள் பழுத்துவிடும். இரவு புழுக்கமாக இருக்கும் காலம் என்பதால் இந்தப் போகத்துக்குச் சிறிய பழ ரகங்களை மட்டும் எடுங்கள். சூட்டிலும் காய்பிடிப்பதில் சிறு பழ ரகங்களுக்குப் பெரியவற்றைவிடச் சாமர்த்தியம் அதிகம்.

எந்த ரகம்

உள்ளங்கை நிறையும் பெரிய பழ ரகங்களை மறந்துவிடுங்கள். இடம் குறைவாக இருந்தால் டைனி டிம். 30 முதல் 45 சென்டிமீட்டர் உயரத்தில் கோலி அளவுப் பழம் தரும். அதைவிடக் குள்ளமானது மைக்ரோ டாம். 15, 20 சென்டிமீட்டர்தான், ஜன்னல் ஓரத்துக்குப் போதும். குழம்புக்கும் சட்னிக்கும் ஏற்ற சதைப்பற்று வேண்டுமென்றால் ரோமா. சூட்டைத் தாங்கவென்றே உருவாக்கிய ஹீட்மாஸ்டர் கிடைத்தால் விடாதீர்கள்.

ரசத்துக்குப் புளிப்பு வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம். 1 இருக்கிறது. தட்டை உருண்டையான, தோளில் பச்சை படர்ந்த நம் ஊர்ப் பழம், குத்துச்செடி. பெங்களூரில் உருவான அர்க்கா ரக்ஷக் சற்று உயரமாகப் போகும், ஆனால் இலைச்சுருட்டு நச்சுயிரி, பாக்டீரியா வாடல், இலைக்கருகல் மூன்றுக்கும் எதிர்ப்பு கொண்டது. ஊரிலிருந்து விதை கொண்டுவர எண்ணினால் முதலில் தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி விதிகளைப் பார்த்துவிடுங்கள்.

தேக்கா சந்தையில் வாங்கிய தக்காளியைப் பிழிந்து விதைப்பவர்கள் உண்டு. முளைக்கும், சந்தேகமில்லை. ஆனால் அது குத்தா கொடியா என்பது செடி கூரையை முட்டும்போதுதான் தெரியும்.

நாற்று

விதையை அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில், ஈரமான தென்னைநார்த் தூளில் இடுங்கள். நம் வெப்பத்தில் ஐந்து முதல் எட்டு நாளில் முளைக்கும். முளைத்த அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு நாள் சமையலறை மூலையில் விட்டாலே நாற்று நூலாக இழுத்துக்கொண்டு போய்விடும். முதலில் இரண்டு மணிநேரக் காலை வெயில், பிறகு படிப்படியாகக் கூட்டுங்கள். முளையிலைகளுக்குப் பிறகு இரண்டு உண்மை இலைகள் வந்ததும் தனித்தனிக் கோப்பைக்கு மாற்றி, நான்கு முதல் ஆறு இலை வந்ததும், அதாவது 25 முதல் 30 நாளில், பெரிய தொட்டிக்கு அனுப்பலாம்.

தொட்டியும் மண்ணும்

ரோமா, பி.கே.எம். போன்றவற்றுக்கு ஒரு செடிக்கு 15 முதல் 20 லிட்டர் கொள்ளும் தொட்டி வேண்டும். வாய் 30 சென்டிமீட்டராவது இருக்கட்டும். டைனி டிம்முக்கு 5 லிட்டர் போதும், மைக்ரோ டாமுக்கு 2 லிட்டர். ஒரு தொட்டியில் இரண்டு செடி வைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள்; காற்றோட்டம் போனால் எல்லாம் போகும்.

வீட்டு வளாகத்துப் பூந்தோட்ட மண்ணைத் தோண்டி நிரப்பாதீர்கள். களிமண் இறுகிவிடும், அதைவிட, வாடல் நோய்க் கிருமி அதில் இருக்கலாம். நர்சரிகளில் கிடைக்கும் பைமண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, கழுவிய தென்னைநார்த் தூளும் பெர்லைட்டும் சேர்த்து ஒரு பங்கு. தென்னைநார்த் தூளைக் கழுவுவது சும்மா சடங்கல்ல. அதில் உப்பு தங்கியிருக்கும். சுட்ட மண் கிடைத்தால் வடிகாலுக்காகக் கொஞ்சம் கலக்கலாம். அமில காரத்தன்மை 6க்கும் 6.8க்கும் இடையில் இருப்பது நல்லது. ஒரு கைப்பிடி டாலமைட் தூள் கலந்தால் சுண்ணாம்புச் சத்துக்கும் ஆகும்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காமல் இருப்பதே மேல். வைத்தே ஆகவேண்டுமென்றால் தேங்கும் தண்ணீரை அன்றன்றே கொட்டுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் போதும். மேல்மண் இறுகி அதில் நீர் தேங்கினாலும் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். மூங்கில் கழியின் மேல்முனைத் துளையையும் மறக்காதீர்கள்; மழைநீர் அதிலும் நிற்கும். ஈர மண்ணோ டேப்போ வைத்து அடைத்துவிடுங்கள்.

நடுவதும் முதல் கழி ஊன்றுவதும் ஒரே நாளில்

நாற்றின் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டின் பாதி வரை மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நடுங்கள். தக்காளித் தண்டு மண் பட்ட இடத்திலெல்லாம் வேர்விடும். மாலையில் நடுவது நல்லது.

முட்டுக்கழியை அன்றே ஊன்றிவிட வேண்டும். செடி சாய்ந்த பிறகு ஊன்றலாம் என்று தள்ளிப்போட்டால், இருபது லிட்டர் தொட்டி முழுக்கப் பரவியிருக்கும் வேரைக் குத்திக் கிழித்துக்கொண்டுதான் கழி இறங்கும். அறுந்த வேரின் வழியாகத்தான் வாடல் கிருமி நுழைகிறது.

குத்துச் செடிக்கு ஏன் முட்டு?

'குத்துத் தக்காளிக்கு முட்டே வேண்டாம், தானாக நிற்கும்' என்று விதைப் பொட்டலத்திலேயே எழுதியிருப்பார்கள். வறண்ட ஊர் வயலுக்கு அது சரி. அங்கே செடி தரையில் படுத்தால் படுக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்; மண் காய்ந்திருப்பதால் பழத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. நமக்கு ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்குமேல் மழை. ஈர மண்ணைத் தொட்ட பழம் இரண்டே நாளில் அழுகும். மண்ணிலிருந்து தெறிக்கும் துளி இலையில் பூஞ்சையை ஏற்றும்.

தொட்டியில் இன்னொரு தொல்லை. பக்கக்கிளை பழக்கனத்தில் சாயும்போது தொட்டியின் விளிம்பில் மடிந்து நசுங்கும். அந்த இடத்துக்கு மேலே உள்ள காய் எல்லாம் பிஞ்சிலேயே நின்றுவிடும். வெளியே பார்த்தால் கிளை முறிந்ததாகவே தெரியாது. தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

குத்துத் தக்காளி கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி. வரும்போது எல்லாம் ஒன்றாக வந்து இறங்கும். நன்றாகக் காய்த்த ரோமாச் செடியில் இரண்டு கிலோவுக்குமேல் ஒரே நேரத்தில் தொங்கக்கூடும். உயரம் குறைவு என்பதால் ஏமாந்துவிடாதீர்கள். கொடித் தக்காளிக்கு முட்டு என்பது மேலே ஏற்றுவதற்கு. குத்துத் தக்காளிக்கு அது எல்லாப் பக்கமும் தாங்கிப் பிடிப்பதற்கு. ஆகவே நடுவில் ஒற்றைக் குச்சி நட்டுச் செடியை அதோடு கட்டுமரமாகக் கட்டுவது இதற்குப் பொருந்தாது. கிளைகள் இறுகி, நடுவில் காற்றே புகாத ஒரு பொதியாகிவிடும்.

மூன்று கழி வளையம்

தொட்டிச் செடிக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

1.2 மீட்டர் நீளத்தில் மூன்று மூங்கில் கழிகள், சுண்டுவிரல் தடிமன். துணி காயப்போடும் பழைய மூங்கில் வீட்டில் கிடந்தால் அதை நெடுக்காகப் பிளந்து சீவிக்கொள்ளலாம். அதைவிட உறுதியான கழி எந்தக் கடையிலும் கிடைக்காது. பச்சைப் பிளாஸ்டிக் பூசிய இரும்புக் குழல்களில் மெல்லியவற்றை வாங்காதீர்கள், பழக்கனத்தில் வளையும்.

தொட்டியின் உள்விளிம்பை ஒட்டி, முக்கோணமாக மூன்றையும் அடிவரை இறக்குங்கள். மண்ணுக்குமேல் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் நிற்கும். தொட்டி மண் பொலபொலப்பானது. கழியைத் தானாக நிறுத்தாது. அதனால் ஒவ்வொரு கழிக்கும் நேராகத் தொட்டியின் விளிம்பில் இரண்டு சிறு துளையிட்டு, கம்பியால் கழியைத் தொட்டியோடு இறுக்கிக் கட்டுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தால் பாதி ஆட்டம் நின்றுவிடும்; பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான்.

பிறகு கயிற்று வளையம். முதல் வளையம் மண்ணிலிருந்து 25 சென்டிமீட்டர் உயரத்தில். ஒரு கழியில் முடிச்சிட்டுத் தொடங்கி, அடுத்த கழியை இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்து, மூன்றாவதையும் அப்படியே சுற்றித் தொடங்கிய இடத்துக்கு வாருங்கள். சும்மா வெளிப்புறமாக ஒரு வட்டம் கட்டினால் கனம் ஏறியதும் கயிறு வழுக்கிக் கீழே இறங்கிவிடும். அந்த இரண்டு சுற்றுதான் பிடி. செடி வளர வளர 45, 65, 85 சென்டிமீட்டரில் அடுத்தடுத்த வளையங்கள். எல்லாவற்றையும் முதல் நாளே கட்டினால் கை உள்ளே போகாது.

நாலைந்து நாளுக்கு ஒருமுறை, வெளியே நீட்டும் கிளைகளை வளையத்துக்குள் எடுத்துவிடுங்கள். இதைக் காலையில் செய்யாதீர்கள். இரவெல்லாம் நீர் உறிஞ்சிய தண்டு விறைப்பாக இருக்கும், மடக்கென்று ஒடியும். பிற்பகலில் சற்றே துவண்டிருக்கும்போது வளைத்தால் வளையும். கிளை வளையத்துக்குமேல் சாய்ந்து உட்காரவேண்டும். அதைக் கழியோடு சேர்த்து இறுக்கவேண்டியதில்லை.

சில கிளைகளுக்குத் தனிக்கட்டு தேவைப்படும். அப்போது தமிழ் எண் ௮ போல அல்ல, நாம் எழுதும் 8 போலக் கட்டுங்கள்: துணியைத் தண்டைச் சுற்றி எடுத்து, நடுவில் குறுக்கே மாற்றி, கழியில் முடிச்சிடுவது. தண்டும் கழியும் உரசாது. தண்டுப் பக்கம் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும்; தண்டு இன்னும் பருக்கும். பழைய வேட்டியை இரண்டு விரல் அகலத்தில் கிழித்த நாடாவைவிட நல்லது எதுவும் இல்லை. ராஃபியா கயிறு வளையத்துக்குச் சரி, தண்டைக் கட்ட ஆகாது. வெயிலில் நார் பிரிந்து தோலை அறுக்கும். கம்பி வேண்டவே வேண்டாம். கட்டுவது இலைக்கணுவுக்குச் சற்றுக் கீழே; பூங்கொத்தின் காம்பில் ஒருபோதும் கட்டாதீர்கள். கொத்து மட்டும் தனியாகக் கனத்துத் தொங்கினால், காம்புக்கு அடியில் ஒரு துணித் தொட்டில் போட்டு மேல் வளையத்தில் மாட்டுங்கள்.

கடையில் கிடைக்கும் கூம்புவடிவக் கம்பிக் கூண்டுகள் பெரும்பாலும் அடியில் குறுகி மேலே விரிந்திருக்கும். 30 சென்டிமீட்டர் தொட்டியில் அது உச்சி கனத்து ஆடும். தலைகீழாகக் கவிழ்த்து, அகன்ற வளையத்தைத் தொட்டி விளிம்பில் கட்டி, கால்களை உச்சியில் சேர்த்து முடிந்தால் அதுவே நல்ல முட்டு.

நீளத் தொட்டிக்கும் தோட்ட மேடைக்கும்

வரிசையாக நட்டிருந்தால் நெசவுக் கட்டு வசதி. இரண்டு முனையிலும் உறுதியான கழி. நடுவில் இரண்டு செடிக்கு ஒரு கழி. செடி ஒரு சாண் தாண்டியதும், 20 சென்டிமீட்டர் உயரத்தில் கயிற்றை முனைக்கழியில் கட்டி, செடிகளின் ஒரு பக்கமாக ஓட்டி, ஒவ்வொரு கழியிலும் ஒரு சுற்றுச் சுற்றி, கடைசிவரை போய், மறுபக்கமாகத் திரும்பி வாருங்கள். செடிகள் இரண்டு கயிற்றுக்கு நடுவில் நிற்கும். 20 சென்டிமீட்டருக்கு ஒரு அடுக்கு. மேடை வைத்திருப்பவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான முறை இல்லை.

டைனி டிம்முக்கு இவ்வளவு ஆடம்பரம் வேண்டாம். இரண்டு குச்சியும் ஒரு வளையமும் போதும். மைக்ரோ டாமுக்கு அதுவும் வேண்டாம்.

சூறைக்காற்று

தென்மேற்குப் பருவத்தில் விடியலுக்கு முன்போ காலையிலோ சுமத்ரா சூறைக்காற்று வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். கழி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் தொட்டியோடு சேர்ந்து உருளும். காய்த்த செடிகளை மாலையிலேயே உட்சுவரை ஒட்டி நகர்த்தி, இரண்டு மூன்று தொட்டிகளை இடுப்பில் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். முட்டுக்கழிகளின் உச்சிகளை ஒன்றோடொன்று இணைத்தால் இன்னும் நல்லது.

கிள்ளாதீர்கள்

இணையக் காணொளிகளில் தக்காளிச் செடியின் பக்கத்துளிர்களையெல்லாம் கிள்ளி எறிவதைப் பார்த்திருப்பீர்கள். அது கொடித் தக்காளிக்கு. குத்துத் தக்காளியில் பக்கக்கிளை ஒவ்வொன்றின் நுனியிலும்தான் பூங்கொத்து. அதைக் கிள்ளினால் விளைச்சலைக் கிள்ளுகிறீர்கள். முதல் பூங்கொத்துக்குக் கீழே உள்ள துளிர்களை மட்டும் எடுக்கலாம். மண்ணிலிருந்து ஒரு சாண் வரை உள்ள இலைகளையும் எடுத்துவிடுங்கள். மற்றவற்றில் கத்தி படவேண்டாம்.

தண்ணீரும் உரமும்

காலையில், வேரில் மட்டும் ஊற்றுங்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து ஈரம் இல்லையென்றால் அடியில் வடியும்வரை. காய்க்கும் சமயத்தில் வெயில் நாளில் இரண்டு வேளை தேவைப்படும். ஒருநாள் வெள்ளம், மூன்று நாள் வறட்சி என்று மாற்றி மாற்றிச் செய்தால் பழத்தின் அடிப்பகுதி கறுத்துக் குழியும். மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும் சீரான நீரோட்டம் இல்லாமல் அது பழத்துக்குப் போய்ச் சேர்வதில்லை என்பதே காரணம். முட்டையோட்டைப் பொடித்துப் போடுவதால் உடனே குணமாகாது. அது கரைய மாதக்கணக்கில் ஆகும். மண்மேல் காய்ந்த இலை மூடாக்கு போடுங்கள்.

பூ வரும்வரை தழை, மணி, சாம்பல் சத்து (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) மூன்றும் சமமாக உள்ள உரம் பத்து நாளுக்கு ஒருமுறை. பூத்ததும் தழைச்சத்தைக் குறைத்துச் சாம்பல்சத்து கூடிய உரத்துக்கு மாறுங்கள். செடி கரும்பச்சையாகத் தளதளவென்று இருந்தும் பூவே இல்லையென்றால் உரம் அதிகம் என்று பொருள்.

பூவைத் தட்டிவிடுதல்

தக்காளிப் பூவில் ஆண், பெண் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன. தேனீ வந்துதான் ஆகவேண்டும் என்றில்லை. ஆனால் மகரந்தம் குழலுக்குள் அடைந்திருக்கும், அதிர்வு வேண்டும். நம் ஈரக்காற்றில் அது ஒட்டிக்கொண்டு உதிர மறுக்கும். காலை ஒன்பதரை, பத்து மணி வாக்கில், காற்றின் ஈரம் குறையத் தொடங்கியதும், பூங்கொத்தின் பின்புறம் விரலால் மெல்லச் சுண்டுங்கள். மின்சாரப் பல்துலக்கியைக் காம்பில் ஒரு நொடி வைத்தால் இன்னும் நன்றாக உதிரும். பார்க்கிற அண்டை வீட்டு ஆண்ட்டி சிரிப்பார். காய் பிடித்ததும் ஒரு கைப்பிடி கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

நோயும் பூச்சியும்

அதிகம் அஞ்சவேண்டியது பாக்டீரியா வாடல். இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென்று தொங்கும். தண்ணீர் ஊற்றினாலும் தேறாது. தண்டை அறுத்து, ஒரு கண்ணாடிக் கோப்பைத் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால்போன்ற இழை இறங்கினால் அதேதான். மருந்தில்லை. செடியை மண்ணோடு பையில் கட்டிக் குப்பையில் போட்டு, தொட்டியையும் கழிகளையும் குளோரின் வெளுப்பான் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து கழுவுங்கள். பொறுமை உள்ளவர்கள் சுண்டைக்காய் நாற்றின் அடித்தண்டில் தக்காளியை ஒட்டுக்கட்டலாம். சுண்டை வேர் இந்த வாடலை நன்றாகவே தாங்கும்.

வெள்ளை ஈ இலைச்சுருட்டு நச்சுயிரியைக் கொண்டுவரும். இலையின் அடிப்புறத்தை அடிக்கடி பாருங்கள். மஞ்சள் ஒட்டு அட்டை மாட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சில துளி சோப்பும் கலந்து மாலையில் அடியிலையில் படும்படி தெளியுங்கள். இலையில் வட்ட வட்டமாகக் கரும்புள்ளி கீழிருந்து ஏறினால் அந்த இலைகளை உடனே அகற்றுங்கள்.

பறிப்பது

நட்டதிலிருந்து 60 முதல் 75 நாளில் பழம் நிறம் மாறும். செடியிலேயே முழுச் சிவப்பாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். 30 டிகிரிக்குமேல் சிவப்பு நிறமி சரியாக உருவாவதில்லை. பழம் வெளிர் ஆரஞ்சாக நின்றுவிடும். அதோடு மைனாக்கள் உங்களைவிடச் சுறுசுறுப்பு. அடியில் இளஞ்சிவப்பு தட்டியதுமே பறித்து, வீட்டுக்குள் நிழலான, இதமான இடத்தில் காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி பரப்பிவையுங்கள். நாலைந்து நாளில் பழுக்கும். அவசரமென்றால் பக்கத்தில் ஒரு வாழைப்பழம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பழுப்பது நின்று மணமும் போய்விடும்.

பறிக்கப் பறிக்கக் கனம் குறைவதால் மேல் கட்டுகளை அவிழ்த்துக் கிளைகளைக் கொஞ்சம் தளர்த்திவிடலாம். மூன்று நான்கு வாரத்தில் அறுவடை முடியும். இரண்டாம் முறை சில பூக்கள் வரும். அவற்றுக்காகக் காத்திருப்பது வீண். செடியைப் பிடுங்கி, எஞ்சிய பச்சைக்காய்களைப் பாசிப்பருப்போடு கூட்டாக்குங்கள். அந்த மண்ணில் அடுத்து கத்தரி, மிளகாய், தக்காளி எதுவும் வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம். தண்டுக்கீரையோ வெண்டையோ போடுங்கள். மூங்கில் கழிகளைக் கழுவி, வெயிலில் காயவைத்து, மண்ணுக்குள் இருந்த முனை இற்றிருந்தால் அந்த அளவை அறுத்துவிட்டு எடுத்துவையுங்கள். நீளம் குறைந்த கழி அடுத்த முறை டைனி டிம்முக்கு ஆகும்.